கிணற்றில் மிஞ்சிய வீசம்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சிலேட்டுப் பிடித்தவள் நான். ஐந்தாம் வகுப்பில் பின்னங்களைக் கூட்டக் கற்றுக்கொண்ட அந்த மாசியில், போட்டுப் பார்க்கக் கணக்குக் கிடைக்காமல் எங்கள் பங்குக் கிணற்றை எழுதினேன். பெரியப்பாவுக்குப் பாதி. அப்பாவுக்குக் கால். சித்தப்பாவுக்கு மூன்று வீசம், அதாவது பதினாறில் மூன்று. பகுதியைப் பதினாறாக்கினால் எட்டு, நாலு, மூன்று. கூட்டினேன். பதினாறில் பதினைந்துதான் வந்தது. மூன்று முறை அழித்துப் போட்டும் ஒரு வீசம் குறைந்தது.

தண்ணீர் முறையும் அப்படித்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அப்பா நாலு நாள் இறைப்பார், சித்தப்பா மூன்று நாள், பெரியப்பா எட்டு நாள். சித்தப்பா முடித்த மறுநாள் மட்டும் தண்ணீர் இறைக்கிற கமலையில் மாடு பூட்டமாட்டார்கள். அன்று கிணற்றுப் பக்கமே யாரும் போவதில்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை.

சிலேட்டை அம்மாவிடம் காட்டினேன். அம்மா அதைக் கையால் மூடினாள்.

"அது ஒங்க அத்தை பங்கு. மஞ்சக்காணியாக் குடுத்தது."

பெண்ணுக்குக் கல்யாணச் சீராகக் கொடுக்கிற பங்கு அது. கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது அத்தை அந்தக் கிணற்றிலேயே விழுந்து இறந்தாளாம். அதற்குப் பிறகு உடன்பிறந்த மூவரும் அந்த வீசத்தைத் தொடவில்லை.

"பஞ்சு வெடிச்சாத்தான் தாயி, ஆறாப்புக்குத் திருச்சுழிப் பள்ளிக்கூடம்" என்று அப்பா சொல்லியிருந்தார். எங்கள் நாலு நாளில் பருத்தியில் பாதிதான் நனைந்திருந்தது. அடுத்த முறை வருவதற்குள் மீதி கருகிவிடும். சிலேட்டோடு மூவர் முன்னாலும் போய் நின்றேன்.

"செத்தவுகளுக்கு எதுக்குத் தண்ணி? அந்த ஒரு நாள நாங்க எறைச்சுக்கிறோம்."

சித்தப்பா சிரித்தார். "பாத்தீகளாண்ணே, அஞ்சாப்புலயே கெணத்தப் பங்கு வைக்குது. பத்தாப்புக்குப் போனா நம்மளயே வித்துப்புடும்."

பெரியப்பா சிரிக்கவில்லை. "எறைக்கட்டும். வருதான்னு பாப்போம்" என்றார்.

அந்த நாள் வந்தது. அப்பா விடியவும் மாடு பூட்டினார். நான் மண்வெட்டியோடு தோட்டத்து மடையில் நின்றேன். தண்ணீர் மொள்ளுகிற சால் நிறைந்து கவிழ்கிற சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டது. தண்ணீர்தான் வரவில்லை. வாய்க்காலோடு நடந்து பார்த்தேன். பாதி தூரத்தில் ஈரம் நின்றிருந்தது. உடைப்பு எதுவும் இல்லை. வெயில் உச்சிக்கு ஏறியது. ஒரு காக்கை கூடக் கத்தவில்லை. காய்ந்த மண்ணிலிருந்து பச்சை மஞ்சள் அரைத்த வாசம் வந்தது. எங்கள் தோட்டத்தில் யாரும் மஞ்சள் போட்டதில்லை.

ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா மாட்டை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"எனக்கு விடமாட்டா. நீ ஓட்டு தாயி."

"நானா?"

"பொம்பளப்பிள்ளைக்குன்னு குடுத்த பங்குதான? உள்ள மட்டும் எட்டிப் பாக்காத."

அப்பா மடைக்குப் போனார். நான் சால் கட்டிய வடக்கயிற்றில் உட்கார்ந்து மாடுகளைச் சரிவில் இறக்கினேன். சால் அவ்வளவு இலேசாக ஏறும் என்று நினைக்கவில்லை. கீழேயிருந்து யாரோ தூக்கிக் கொடுப்பதுபோல இருந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை. எத்தனை சால் ஆனதென்று தெரியாது, தோட்டத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது: "வந்திருச்சு!"

காலையிலிருந்து இறைத்ததைக் கரிசல் வெடிப்பு குடித்திருக்கும், மத்தியானத்துக்குமேல் வெடிப்பு நிறைந்திருக்கும் என்று படித்தவளாக இப்போது காரணம் சொல்லிக்கொள்கிறேன். வாசத்துக்குக் காரணம் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் சிலேட்டில் நாலாவதாக என்னையும் எழுதினேன். எனக்கு ஒரு வீசம். கூட்டினால் ஒன்று வந்தது.

வைகாசியில் பஞ்சு வெடித்தது. திருச்சுழிப் பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் பஸ்ஸுக்கு நின்றபோது பெரியப்பா வந்தார். என் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"பாத்துப் போயிட்டு வா, தங்கச்சி."

தம்பி மகளை அப்படிக் கூப்பிடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. அதுவரை அவர் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார். நான் திருத்தவில்லை. "வாரேண்ணே" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.