ரெய்க்யவிக்குக்கு இரண்டு பேர்

ரெய்க்யவிக் என்ற பெயரை எனக்கு முதலில் சொன்னவர் பௌதிதான். பவானிபூரில் எங்கள் எதிர் ஃப்ளாட்டில் இருக்கும் வங்காள அம்மா. அண்ணன் மனைவியை இங்கே பௌதி என்பார்கள். குடிவந்த நாளிலிருந்து நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன். ஐஸ்லாந்தின் தலைநகரம் அது, குளிர்காலத்தில் அங்கே ராத்திரி வானம் பச்சையாக ஒளிவிடும், ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று அவரும் அவர் கணவரும் வருஷக்கணக்காகப் பேசிவைத்திருந்தார்கள். நடுவில் அந்த மனிதருக்கு உடம்புக்கு வந்துவிட்டது. இந்த ஊரில் பெரிய வியாதி என்றால் வேலூருக்கு ரயிலேறுவார்கள். இவர்களும் போய், மாதக்கணக்கில் அங்கேயே அறை எடுத்துத் தங்கி வைத்தியம் பார்த்தார்கள். கிளம்பும்போது தண்ணி, சாதம், எவ்வளவு என்று நாலு தமிழ் வார்த்தை சொல்லிக்கொடுத்து அனுப்பியவளே நான்தான். திரும்பி வந்து கொஞ்ச நாள் இருந்தார், போய்ச் சேர்ந்தார்.

போன துர்கா பூஜை முடிந்து ஒரு சாயங்காலம் பௌதி எங்கள் வாசலில் வந்து நின்றார். தனியாகப் போக தைரியம் இல்லை, நீங்கள் இரண்டு பேரும் வந்தால் நான் ரெய்க்யவிக் போவேன் என்றார். என் வீட்டுக்காரர் அப்போதுதான் பாங்கிலிருந்து ரிடையர் ஆகியிருந்தார். சரி என்றோம்.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வீட்டில் ஏசியை இருபத்தாறுக்குக் கீழே வைக்க விடாதவள், பனிப்பாறை வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். படுத்துக்கொண்டே வானம் பார்க்கக் கண்ணாடிக் கூரை போட்ட அறை வேண்டும். ஹெலிகாப்டரில் பனிமலை உச்சியில் இறங்க வேண்டும். ஆணி வைத்த பூட்ஸ் மாட்டிக்கொண்டு பனிக்குகைக்குள் நடக்க வேண்டும். போனால் ராஜா மாதிரிப் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனேன். சேர்க்கச் சேர்க்க, பௌதியின் முட்டிவலி என் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. இது யாருடைய ஆசை என்பதே எனக்கு மறந்து போயிற்று.

எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்களுக்கு என்றால், இந்த ஊர்த் தமிழர்கள் முக்கால்வாசிப் பேருக்கும். புடவைக் கடைக்காரன் முன்னாலேயே, 'விலை ஜாஸ்தி சொல்றான், எழுந்து போற மாதிரி பாவலா பண்ணுங்கோ' என்று தமிழில் பேசிக்கொள்வோம். டாக்ஸியில், லிஃப்டில், விருந்துக்குப் போன வீட்டில், எதிராளியின் மூக்கு நுனியில் நின்றுகொண்டு அவனைப் பற்றியே பேசுவோம். குரலைக்கூடத் தணிக்க மாட்டோம். முகத்தை மட்டும் சிரித்தாற்போல வைத்துக்கொள்ள வேண்டும். அதில் நான் கைதேர்ந்தவள்.

பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கத்தில், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் டிராவல் ஏஜென்ட் ஆபீஸ். மூன்று பேரும் போனோம். ஏஜென்ட் பெரிய டிவியில் பனிக்குகையைக் காட்டி, இது கொஞ்சம் கஷ்டமான நடை, மூன்று பேருமே போகிறீர்களா என்று கேட்டார். மெதுவாக நடந்து வருகிறேன், முடியாத இடத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றார் பௌதி.

நான் பௌதியைப் பார்த்து அன்பாகச் சிரித்தேன். அதே சிரிப்போடு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன்.

"ஏன்னா, இவளை அழைச்சுண்டு போனா நாம ஊர் பார்த்த மாதிரிதான். முட்டியைப் பிடிச்சுண்டு அங்கங்கே உட்கார்ந்துடுவா. நாம பக்கத்துல காவல் காக்கணும். போறாததுக்கு, ராத்திரியானா ஆத்துக்காரரை நினைச்சுண்டு ஒரு பாட்டம் அழுவா. நைஸா கழட்டி விடப் பாருங்கோ."

"மெதுவாப் பேசேன்" என்றார் அவர்.

"இவளுக்கு என்ன புரியப்போறது?"

பௌதி டீயைக் குடித்து முடித்து, காகித டம்ளரை மேஜையின் ஓரமாக வைத்தார். ஏஜென்டிடம் வங்காளத்தில், இரண்டு பேருக்கு மட்டும் போடு பாபா, என் முட்டி சரிப்பட்டு வராது என்றார். நீங்கள் இல்லாமல் எப்படி பௌதி என்று நானும் வங்காளத்தில் ஒப்புக்கு இழுத்தேன். உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்தது.

லிஃப்ட் ரிப்பேர். பௌதி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். நான் கொஞ்சம் கீழே நின்று, போனைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக இருந்தேன். அவர் நின்று என்னைப் பார்த்தார்.

"நீங்க முன்னாடி போங்க. நான் மெதுவா வரேன்."

தமிழ். எங்கள் வீட்டுத் தமிழ்கூட இல்லை. நாங்கள் 'போங்கோ' என்போம். இது வேலூரில் நர்சுகளும், பக்கத்துப் படுக்கைக்காரர்களும், மருந்துக்கடைக்காரர்களும் பேசப் பேசக் காதில் விழுந்து வந்த தமிழ். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "அவா ஆத்துக்காரர் போன அன்னிக்கு அங்கே நின்னுண்டு என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். ஞாபகம் இல்லாமல் என்ன. அந்தக் கூடத்தில், பௌதிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று, 'சீக்கிரம் கிளம்புங்கோ, தலைக்குக் குளிச்சுட்டுதானே அடுப்பு மூட்டணும், எனக்குப் பசிக்கறது' என்றேன். பௌதி ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்த பாயசத்தை, அவர் வாசலைத் தாண்டுவதற்குள், 'ஒரே தித்திப்பு, வேலைக்காரிக்குக் குடுத்துடலாம்' என்றிருக்கிறேன். இன்னும் என்னென்ன சொன்னேனோ. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் போய் அவர் கதவைத் தட்டினேன். தமிழில் பேச நா எழவில்லை, வங்காளத்தில்தான் கெஞ்சினேன். பனிக்குகை வேண்டாம், ஹெலிகாப்டர் வேண்டாம், மூன்று பேரும் அறையில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்போம், நீங்கள் வந்தே ஆக வேண்டும் என்றேன். தமிழ் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றும் கேட்டேன். என் வாய்க்கொழுப்பு அப்படி.

அவர் கோபப்படவில்லை. முதலில் சொல்ல வெட்கமாக இருந்தது, அப்புறம் உங்களுக்குத்தான் சங்கடம் என்று விட்டுவிட்டேன் என்றார். மாடிப்படியில் உங்கள் பேச்சு கேட்டால் வேலூர் வராண்டா ஞாபகம் வரும், அங்கே இருந்தவரைக்கும் அவர் உயிரோடு இருந்தாரே என்றும் சொன்னார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்குத் தமிழ் வந்தது. "வாங்கோ பௌதி" என்றேன்.

பௌதி சிரித்தார். என் சிரிப்பு மாதிரி இல்லை, நிஜமான சிரிப்பு.

"வேணாங்க. அங்க நாள் பூரா நீங்க ரெண்டு பேரும் தமிழ்தானே பேசுவீங்க" என்றார்.

பிறகு, ஊருக்குக் கிளம்பும்போது மறக்காமல் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற.