செவலையின் சூடு

ஹாலிஎலையிலிருந்து வந்த மாட்டு வைத்தியர், என் பசுவுக்கு வைத்த காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயை வெளியே எடுத்துப் பார்த்தார். "நூத்தி ஒண்ணு. மனுசனுக்குன்னா காய்ச்சல். மாட்டுக்கு இதுதாம்மா சரியான சூடு" என்றார்.

எட்டு வயதில் நான் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இருந்தேன். விடியும் முன்பே அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். பிறகு நாள் முழுவதும் எனக்குப் பேச்சுத்துணை செவலைக் கன்றுதான். அந்த வருடம் பக்கத்துத் தோட்டத்தில் மாடுகள் நோயில் செத்துக்கொண்டிருந்தன. காய்ச்சல் கண்ட மாட்டைக் கொன்று புதைக்க வேண்டும் என்பது துரையின் உத்தரவு. அது எனக்குத் தெரியாது.

ஒரு மாலை, ஓடைத் தண்ணீர் தூக்கி வந்து விறைத்த கையோடு கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். கொதித்தது. மருந்து வாங்கி வருவார் என்று நம்பி அப்பாவிடம் ஓடினேன்.

"அப்பா, செவலைக்கு ஒடம்பு சுடுது."

மழையில் நனைந்து அப்போதுதான் வந்திருந்த அப்பாவும் தொட்டுப் பார்த்தார். "ஆமா புள்ள" என்று கயிற்றை அவிழ்த்து, மண்வெட்டியோடு கன்றை ஓட்டிக்கொண்டு போனார்.

அது படுத்திருந்த சாக்கில் தனியாக உட்கார்ந்தேன். சாக்கும் சூடாக இருந்தது. அதையும் காய்ச்சல் என்றே நினைத்தேன்.

"மாட்டுக்குத்தான் ஒண்ணுமில்லையே, ஏம்மா அழுறீங்க?" என்று கேட்டார் வைத்தியர்.