நேராக நடந்த கால்

படி இறங்கும்போது வலது முழங்கால் வெளிப்பக்கமாக எகிறியது. அதுதான் ஆரம்பம். வலி பிறகுதான் வந்தது. எங்கள் வீடு கண்டியில் மேட்டில் இருக்கிறது. படி இறங்க முடியாதவள் வீட்டோடு கிடந்து மருமகன் போடும் சோற்றைத் தின்ன வேண்டும். அதற்கு நான் ஆள் இல்லை.

ஆசுபத்திரியில் ஒரு நீள அறையில் நடக்கச் சொன்னார்கள். நடந்தேன்.

"நல்லாத்தானே நடக்கிறியள், அம்மா" என்றார் யாழ்ப்பாணத்து டாக்டர். என் மகள் வயதுகூட இருக்காது. தேய்மானம் (மூட்டுக்குள் இருக்கும் மெத்தை கரைவது) படத்தில் தெரிகிறதாம், நடையில் தெரியவில்லையாம். நடையிலும் தெரிந்தால்தான் ஆபரேஷன். இல்லாவிட்டால் மாத்திரை.

வெளியே வந்ததும் மகள் செல்வி பிடித்துக்கொண்டாள். "வீட்டுல செவுத்தப் புடிச்சி நடக்குறீங்க. இங்க பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு நடந்து காட்டுற மாதிரி நடக்குறீங்களே!"

"சின்னப் பயலுக்கு முன்னால நொண்டச் சொல்றியா?"

அடுத்த முறை டாக்டர் உணரிகளை (அசைவை அளக்கும் நெருப்புப்பெட்டி அளவுக் கருவிகள்) தொடையிலும் கெண்டைக்காலிலும் பட்டி போட்டுக் கட்டினார். ஒரு நாள் முழுக்க வழக்கம்போல் நடமாட வேண்டுமாம். சண்டைக் காலத்தில் ஒரு தமிழ்ப் பொம்பளையின் சேலைக்குள் பெட்டியைக் கட்டி பஸ் ஏற்றிவிடும் புத்தி படித்தவர்களுக்குத்தான் வரும். இது குண்டு இல்லை என்று சிங்களத்தில் ஒரு கடிதமும் கொடுத்தார். பட்டாளத்தார் சுட்ட பிறகு வாசிப்பார்கள்.

மறுநாள் கம்பியூட்டரில் கோடு ஓடியது. வீடு, படி, கடைத்தெரு, எல்லா இடத்திலும் அடிக்கு அடி எகிறியிருந்தது. ஓரிடத்தில் மட்டும் ஒழுங்காக இருந்தது.

"பத்தரை மணிக்கு என்ன செய்தனீங்கள், அம்மா? கால் நல்லாயிருக்கு."

"பஸ் ஸ்டாண்ட் செக் பொயிண்ட். ஆமிக்காரன் பாத்துக்கிட்டு நின்னான்."

அவர் அந்த இடத்துக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நீங்க அதுல எப்படிப் போவீங்க, தம்பி?"

"நானும் நேராத்தான் போறனான்."

தமிழரைத் தேடி அடித்த கலவரத்தில் பொட்டை அழித்துவிட்டு, ஓடாமல், நிமிர்ந்து நடந்து தப்பியவள் நான். ஓடியவர்களைத்தான் துரத்தினார்கள். அன்றிலிருந்து யாராவது உற்றுப் பார்த்தால் என் கால் தானாக நேராகிவிடும். டாக்டர் பார்த்தபோதும் அதைத்தான் செய்திருக்கிறது. என் உடம்பு என் சொல் கேட்கிறது என்று இத்தனை வருடம் பெருமைப்பட்டேன். அது கேட்டதெல்லாம் அன்று துரத்திய காலிப்பயல்களின் சொல்லை. தூ.

ஆபரேஷன் பட்டியலில் பெயர் ஏறியது. முழங்கால் மூட்டை மாற்றினார்கள். முதல் மாதம் நரகம். வலிக்காது என்று இனிக்கப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். டாக்டர் முன்னால் வீம்புக்கு நடந்தும் காட்டாதீர்கள். நொண்டுகிற காலை நொண்டவிடுங்கள்.

புதுக் கால் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. மறைப்பதில்லை. செக் பொயிண்டில் எனக்குப் பின்னால் வரிசை நீளும். "இக்மனட்ட, அம்மே" (சீக்கிரம், அம்மா) என்பான் துவக்கோடு நிற்கும் ஆமிக்காரன்.

நான் நின்று மூச்சு வாங்கிக்கொள்வேன். அடுத்த அடியை எனக்குத் தோன்றும்போது வைப்பேன்.