விற்கிறவளின் பாதி

அக்கா வேலை பார்த்த துணிக்கடையில் அவளுக்கு 'மடிப்பக்கா' என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் கடையில் பாதிப் பேருக்கு யாரென்றே தெரியாது. வாடிக்கையாளர் கலைத்துப் போட்ட சட்டையை, அவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே மடித்துவிடுவாள். கை அதுபாட்டுக்கு மடிக்கும், வாய் அதுபாட்டுக்கு விற்கும். யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியில் கிடக்கும் துண்டை மடித்து வைத்துவிட்டுத்தான் உட்காருவாள். "விருந்தாளியா வந்திருக்கியா, வேலைக்கு வந்திருக்கியா?" என்று அத்தான் கேலி செய்வார். அவர் போன பிறகும் அலமாரியில் அவருடைய சட்டைகள் கடை மடிப்பிலேயே வெகுகாலம் இருந்தன.

அக்காவுக்குப் பிடிக்காத வாக்கியம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். உள்ளே வந்து, எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து, "சும்மா பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை அவளால் மன்னிக்க முடிந்ததே இல்லை. "சும்மா பாக்கறதுக்கு இதென்ன ஆஸ்பத்திரியா?" என்பாள், அவர்கள் படியிறங்கிய பிறகு.

அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவள் மகள் தொலைபேசியில் பிடிவாதம் பிடித்தாள். அவள் கணவனோடு குடியிருப்பது பிரெஞ்சு பேசுகிற ஊரில். "தனியா உக்காந்து என்ன பண்ணப் போறே? ஒரேயடியா இங்க வந்துடும்மா."

"வாய் இல்லாத ஊர்ல நான் எப்படிடீ இருப்பேன்?"

"நான் பேசறேன் உனக்கு."

"நீ பேசுனா நீதான் அங்க இருக்கேன்னு அர்த்தம், நான் இல்ல."

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். கோடை விடுமுறைக்கு அக்கா வருவாள். யார் துணையும் இல்லாமல் ஒரு கடைக்குள் போய், கேட்டு, பார்த்து, ஒரு பொருளை வாங்கிவிட்டால் அங்கேயே தங்குவாள். முடியாவிட்டால் திரும்பிவிடுவாள், அதன் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது.

கல்லூரியில் நான் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்தவன். அதை வைத்து ஒரு தேநீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. "இத்தனை வருஷம் கழிச்சு உன் படிப்புக்கு ஒரு வேலை வந்திருக்குடா" என்று அக்கா என்னையும் கூடக் கிளப்பினாள். பயணிகளுக்கான சின்னப் புத்தகம் ஒன்று வாங்கிவந்தேன். அதில் கடைக்குப் போகும் பாடம், கடைக்காரருக்கும் பயணிக்கும் நடக்கும் உரையாடலாக இருந்தது. அக்கா காய் நறுக்கிக்கொண்டே படித்தாள். நான் எதிர்பார்த்ததைவிட வேகமாகவே நாக்கு திரும்பியது. "வூ தெஸிரே?" என்றால் என்ன வேண்டும் உங்களுக்கு. "கெல் தாய்?" என்றால் என்ன அளவு. "ஸா வூ வா பியன்" என்றால் உங்களுக்கு நன்றாக இருக்கிறது.

ஒரு வாரம் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் மனப்பாடம் செய்தது முழுவதும் கடைக்காரரின் பாதி.

"அக்கா, நீ வாங்கப் போறே. விக்கப் போகல."

"தெரியுதுடா. இது தானா வருது. அந்தப் பக்கத்துப் பேச்சு வாயில நிக்க மாட்டேங்குது."

"சரி, இந்த ஒண்ணையாவது வச்சுக்கோ. 'ழ ரகார்த், மெர்சி.' சும்மா பாக்கிறேன், நன்றின்னு அர்த்தம். எந்தக் கடைக்கும் ஆகும்."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "அதை மட்டும் என் வாயால சொல்ல மாட்டேன்."

அங்கே போன புதிதில் மகளோடு கடைகளுக்குப் போனாள். பேச்சு முழுவதும் மகளுடையது. அக்கா கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். வீட்டுக்கு வந்ததும், "என் நிலைமைக்குத் துணிக்கடைப் பொம்மை தேவலாம். அதுக்கு நாள்தோறும் துணியாவது மாத்துவாங்க" என்பாள். மகள் சிரிப்பாள். அக்கா சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். திரும்பும் பயணச்சீட்டின் தேதியை அடிக்கடி கேட்க ஆரம்பித்திருந்தாள்.

மழை தூறிய ஒரு காலையில் தனியாகக் கிளம்பினாள். தெருமுனையில் கம்பளித் துணிகள் விற்கும் சின்னக் கடை. நான் எதிர்ப்பக்கம் பேருந்து நிறுத்தத்தில் நிற்க வேண்டும் என்று உத்தரவு. "உள்ள வந்தேன்னா காலை உடைச்சிடுவேன்."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கடைக்காரம்மா ஒருத்திதான். யாருக்கோ ஏணியில் ஏறி எதையோ எடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா காத்து நின்றாள். பக்கத்து மேசையில் கழுத்துத் துணிகள் கலைந்து குவிந்து கிடந்தன. அதற்குமேல் நடந்ததை எழுதவே வேண்டாம். அக்காவின் கை அந்தக் குவியலுக்குப் போய்விட்டது. ஒன்று, இரண்டு என்று மடித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, குடையை உதறியபடி உள்ளே வந்த உயரமான பெண் ஒருத்தி நேராக அவளிடம்தான் வந்தாள்.

பிறகு வீட்டில் அக்கா அதை நடித்துக் காட்டினாள். "அவ ஏதோ கேட்டா. எனக்கு ஒரு எழுத்து புரியல. ஆனா கடைக்கு வந்தவ முகம் எனக்குத் தெரியாதா? 'வூ தெஸிரே'ன்னேன். மஞ்சளைக் காட்டுனா. அது அவளுக்கு எடுக்காது. நீலத்தை எடுத்துக் கழுத்துல போட்டு, கண்ணாடி பக்கம் திருப்பி, 'ஸா வூ வா பியன், மதாம்'னு விட்டேன் பாரு!"

அந்தப் பெண் நீலத்தை வாங்கிக்கொண்டு போனாள். ஏணியிலிருந்து இறங்கிக் காசு வாங்கிய கடைக்காரம்மா வாயைப் பிளந்து பார்த்தாள். அப்புறம் இரண்டு பேரும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தது தெருவுக்கு இந்தப் பக்கம் எனக்கே தெரிந்தது.

மகள் கைதட்டினாள். "நீ ஜெயிச்சிட்டேம்மா! இனிமே இங்கதான்."

"எங்கடீ ஜெயிச்சேன்? வித்துட்டு வந்திருக்கேன். வாங்கல." அக்காவின் குரல் இறங்கியது. "ஒப்பந்தம்னா ஒப்பந்தம்."

மறுநாள் மறுபடி போனாள். இம்முறை கடை காலியாக இருந்தது. கடைக்காரம்மா மேசைக்கு அந்தப் பக்கம் நின்று கைகளைக் கட்டிக்கொண்டு, கண்ணில் குறும்போடு, "வூ தெஸிரே, மதாம்?" என்றாளாம். வாழ்நாள் முழுவதும் தான் கேட்ட கேள்வியை இன்னொருத்தி தன்னிடம் கேட்டதும் அக்காவுக்கு ஒன்றும் ஓடவில்லை. திரும்பிவிடலாமா என்றுகூடக் கதவைப் பார்த்திருக்கிறாள். பிறகு மென்று விழுங்கிச் சொன்னாள்: "ழ ரகார்த், மெர்சி."

"சொல்லிட்டேன்டா" என்றாள் என்னிடம், ஏதோ தப்புத்தண்டா செய்துவிட்ட முகத்தோடு. "அவ கோவிச்சுக்கல. பாருங்கன்னு தலையை ஆட்டிட்டு, அவ வேலையைப் பாக்கப் போயிட்டா. நான் நிதானமாப் பாத்தேன். அப்படிப் பாத்ததே இல்லடா நான், ஒரு கடையை." கையில் சாம்பல் நிறக் கழுத்துத் துணி இருந்தது. அதையும் மடித்துத்தான் வைத்திருந்தாள்.

அக்கா அங்கேயே தங்கினாள். சில வருஷங்கள். கடைக்காரம்மாவோடு பாதி சைகை, பாதிப் பேச்சு என்று ஒரு சிநேகிதம் வளர்ந்தது. என்னோடு பேசும்போதெல்லாம் அந்தக் கடையில் என்ன புதிதாக வந்திருக்கிறது என்பதுதான் முதல் செய்தி. மூட்டுவலியெல்லாம் பிறகுதான்.

இந்த வருஷம் அவளைக் கடைசியாக வழியனுப்பப் போயிருந்தேன். காரியமெல்லாம் முடிந்து ஊர் திரும்புவதற்கு முன்பு, மகள் தூங்கிக்கொண்டிருந்த மத்தியானத்தில், தெருமுனைக் கடைக்குப் போனேன். அக்காவின் சாம்பல் நிறத் துணி என் கழுத்தில் இருந்தது. கடைக்காரம்மா என்னை இதற்குமுன் பார்த்ததில்லை. புன்னகையோடு, "வூ தெஸிரே, முஸ்யே?" என்றாள்.

சொல்ல வேண்டியதை வழியெல்லாம் பிரெஞ்சில் கோத்துக்கொண்டுதான் போயிருந்தேன். வாயில் வந்தது வேறு. "ழ ரகார்த், மெர்சி" என்றேன்.

அவள் என் கழுத்துத் துணியைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தை. மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் துணிகள் கலைந்து கிடந்தன. அவள் ஒன்றை எடுத்து மடித்தாள், அக்கா மடிக்கிற மாதிரி, கையைப் பார்க்காமல். நானும் ஒன்றை எடுத்தேன். எனக்கு மடிக்க வரவில்லை. அவள் அதை வாங்கிச் சரிசெய்து அடுக்கின் மேல் வைத்தாள்.