தேர் இழுத்தது யார்?

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதுகிறவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது நடுவில் வந்து உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில் செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் வேலை பார்த்தேன். அறை பெருக்குவது, விரிப்பு மாற்றுவது, வெந்நீர் கொடுப்பது. கார்த்திகை மாதமானால் மாடி அறைக்கு ஒரு வெள்ளைக்கார அம்மா வருவார். பல வருஷமாக வந்துபோனதில் தமிழ் ஓரளவு பேசுவார். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையிலிருந்த ஒரு சார் கீழறையில் தங்குவார். என்னைவிடச் சின்னவர். என்னை அக்கா என்பார்.

இருவரையும் சேர்த்து வைத்தது லோஜ்பான் என்ற ஒரு பாஷை. எந்த ஊரிலும் பிறக்காத பாஷை, சிலர் உட்கார்ந்து யோசித்துச் செய்தது. பேசிப் பழக மூன்றாவது ஆள் வேண்டும் என்று சாயங்காலங்களில் என்னையும் மொட்டைமாடிக்குக் கூப்பிட்டார்கள். முதலில் பயந்தேன். இங்கிலீஷ் என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தமிழிலேயே நாலு பேர் நடுவில் பேசமாட்டேன். ஆனால் அந்தப் பாஷையில் எல்லாருமே தடுக்கி விழுந்தார்கள். கம்ப்யூட்டர் சாரும் விழுந்தார். அதில் எனக்கு ஒரு தைரியம். பா, ரே, ஷி என்று ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிக்கொண்டே படி பெருக்குவேன். நாள் முழுக்க அந்தச் சாயங்காலத்துக்காகத்தான் காத்திருப்பேன்.

ஒரு வருஷம் அம்மன் தேரை நானும் அந்த அம்மாவும் போய் இழுத்தோம். எங்கள் ஊரில் அம்மன் தேரைப் பெண்கள்தான் இழுப்பார்கள். மறுநாள் சாயங்காலம் மாடியில், "பெண்கள் தேர் இழுத்தார்கள்" என்பதை அந்தப் பாஷையில் சொல்லிப் பார்த்தோம். சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

அதில் 'ரோ' என்றால் ஒவ்வொருவரும். 'லோய்' என்றால் எல்லாரையும் ஒரே குவியலாகச் சேர்த்துச் சொல்வது. குவியலில் எவ்வளவு என்று சொல்ல முன்னால் ஒரு பங்குச் சொல் வரும். பாதிக்கு 'பிமு', முழுசுக்கு 'பிரோ'. ஒன்றும் போடாவிட்டால் ஏதோ ஒரு பங்கு என்றுதான் புத்தகப்படி அர்த்தம்.

"அப்போ லோய் போட்டா, கூட்டத்துல ஏதோ ஒரு பங்கு இழுத்துச்சு, அவ்ளோதான். அதுல நீங்க இருக்கீங்களான்னு தெரியாது மேடம்," என்றார் சார்.

"நான் இருக்கேன். என் கை பாரு, சிவப்பு," என்று அந்த அம்மா உள்ளங்கையைக் காட்டினார். "பிரோ போடு. முழுக் கூட்டம் இழுத்தது."

"முழுசா? முறுக்கு தின்னுக்கிட்டு ஓரமா நின்னவங்களும் சேர்த்தா? அப்ப அவங்களுக்கும் கை சிவந்திருக்கணுமே!"

"நீ கிண்டல் பண்றே. நீ கயிறு பக்கமே வரல. நீ எண்ணாதே."

"கயித்தைத் தொட்டவங்கதான் கணக்குப் பேசணும்னா, நான் எதுக்கு இங்க? நீங்களே தனியா படிங்க. நான் காலையில பஸ் ஏறிடறேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிரே தெரிந்த மலையைப் பார்த்தார். சார் போனால் அந்த அம்மாவும் இனி மாடிக்கு வரமாட்டார். யாராவது ஏதாவது பேச வேண்டும். நான்தான் மிச்சம்.

"ரோ லோ நின்மு ஷு லாஷ்பு லோ ஷார்ஷே," என்றேன். அந்தப் பாஷையில் நானாகக் கட்டிச் சொன்ன முதல் முழு வாக்கியம். பெண்கள் ஒவ்வொருவரும் தேர் இழுத்தார்கள்.

சார் படிக்கட்டில் நின்றார். "ஐயோ அக்கா! அப்படின்னா ஒவ்வொருத்தரும் தனித்தனியா மொத்தத் தேரையும் இழுத்தாங்கன்னு ஆயிடும். அத்தனை பலசாலியா நம்ம ஊரு பொம்பளைங்க?"

"தப்பு, தங்கச்சி, தப்பு," என்று அந்த அம்மாவும் திரும்பினார். அந்தச் சாயங்காலம் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

எனக்குக் காது சுட்டது. ஆனாலும் சொன்னேன். "எங்க தெருவுல அப்படித்தாங்க சொல்லுவோம். கயிறு எட்டாம, முன்னாடி நிக்கிறவ முதுகுல கை வச்சிருந்தாகூட, வீட்டுக்கு வந்து 'நான் தேர் இழுத்துட்டு வந்தேன்'னுதான் சொல்லுவோம். பங்கு இழுத்தேன்னு யாரும் சொல்லமாட்டாங்க."

"அது பக்தி. இது இலக்கணம்," என்றார் சார்.

"அப்போ முதுகுல கை வச்சவளும் குவியல்லே உண்டா, இல்லையா?" என்றார் அந்த அம்மா. என்னிடம் இல்லை, சாரிடம்.

"அது எப்படி மேடம் உண்டு? கம்மியாவாவது கயித்துல பலம் போகணும்ல?"

"போகுது. முதுகு வழியா போகுது."

"முதுகு வழியாவா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பை தோளிலேயே இருந்தது. கழற்ற மறந்துவிட்டார். இருட்டும் வரை என் வாக்கியத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். ஒரு முடிவுக்கும் வரவில்லை. நான் டீ கொண்டுவந்தேன்.

மறுநாள் மழை. மூவரும் கீழறையில் உட்கார்ந்து அந்தப் பாஷையில் நிறங்களின் பெயர்களைப் படித்தோம்.