மொட்டைத் தலையோடு தேர்வுக்கு வந்தவன்

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்தில் ஒரு நெட்வொர்க் சுவிட்சை மாற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கனகம்மாசத்திரம் அருகே பைக்கில் லாரி மோதி தனசேகர் போய்விட்டான். 'சரி' என்று சொல்லி வைத்தேன்.

திருத்தணி கம்ப்யூட்டர் சென்டரில் அவனோடு படித்த உங்களுக்கு அவனைத் தெரியும். தேர்வு நாளைப் பற்றி அவன் சொல்லியிருக்க மாட்டான். நான் சொல்கிறேன்.

சென்னையில் ஒரு கம்பெனி எங்கள் இருவரையும் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. அந்த மாதத்துக்குள் நெட்வொர்க்கிங் சான்றிதழ் வேண்டும், அவ்வளவுதான். தேர்வன்று காலை மொட்டையடித்துச் சந்தனம் பூசிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்து நின்றான். பாஸானால் திருத்தணி முருகனுக்கு அவன் முடியை இறக்குவதாக அவன் அம்மா வேண்டிக்கொண்டிருந்தார்.

"பாஸான பொறவு தானடா அடிக்கணும்? இன்னா அவசரம்?"

"முன்னாடியே குடுத்துட்டா முருகரு தப்பிக்க முடியாது பாரு."

தேர்வு மையத்தில் மேசையருகே இருந்த பெண் அவன் அடையாள அட்டையைப் பார்த்தார். படத்தில் சுருட்டை முடி, அடர்ந்த மீசை. எதிரே நின்றவனுக்கு இரண்டுமே இல்லை.

"முடி மட்டுந்தாங்க மேடம் போச்சு. தலை அதேதான்" என்றான். அவர் சிரித்துவிட்டார். ஆனால் உள்ளே விடவில்லை. வேறு அட்டை கேட்டார், அவன் கொண்டுவரவில்லை. நான் கத்தினேன். அவன் என்னை உள்ளே தள்ளினான். "நீ போடா. டைம் ஓடிகினு கீது."

முடித்து வந்தபோது படியில் உட்கார்ந்திருந்தான். சந்தனம் கரைந்து கழுத்தில் வழிந்திருந்தது.

"பாஸா?"

"ஆங்."

"சப்நெட் கணக்கு கேட்டானா?"

"கேட்டான்."

"எனக்கும் அதாண்டா வந்திருக்கும்" என்றான். ஆசையாகத்தான் சொன்னான்.

முடி வளர்ந்த பிறகு எழுதித் தேறினான். அதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. ஊரிலேயே கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கேபிள் இழுத்தான். மலையில் குரங்கு கடித்த கேபிளை மாற்றிவிட்டு எனக்குப் போன் செய்வான். "இத்த மட்டும் பாடத்துல வெக்க மறந்துட்டானுங்கடா."

அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது தேர்வன்று மாலையை. அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் மட்டும் பாஸானதை வீட்டில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வாசலில் நின்றேன். அவன் எனக்கு முன்னால் உள்ளே போனான். என் அப்பாவை அவனும் நைனா என்றுதான் கூப்பிடுவான்.

"நைனா, உங்க புள்ள பாஸ் பண்ட்டான். வேலையும் வந்துடும்."

"நீ?"

"எனக்கு அடுத்த தபாங்க நைனா."

அந்தக் குரலில் சின்ன இறக்கமாவது இருந்ததா என்று இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ முறை நினைவில் கேட்டுப் பார்த்துவிட்டேன். இல்லை.