படலைக்குப் போகிற தூரம்

என் முதுகெலும்பு சின்ன வயதிலேயே ஒரு பக்கமாக வளைந்துவிட்டது. இப்போது அந்த வளைவு நெஞ்சாங்கூட்டை நெரிக்கிறது. ஒரு வசனம் கதைத்தால் அடுத்ததற்கு மூச்சு இல்லை. பாலையூற்று வீட்டில் பகல் முழுக்க நான் தனியாள்.

சல்லிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வரும் மீன்காரர் கூவுவது, குசினிக்குள் சமைத்துக்கொண்டிருக்கும்போது கேட்கும். "நில்லுங்கோ" என்று கத்த ஏலாது. நான் வாசல் படலைக்குப் போய்ச் சேர முதல் அவர் போய்விடுவார். அதற்காக அழுதும் இருக்கிறேன்.

ஒருநாள் அவர் பக்கத்து வீட்டில் நின்றதால் பிடித்துவிட்டேன். படலையைப் பிடித்தபடி மூச்சுக்குத் தவித்தேன். எல்லாரையும் போல "என்ன செய்யுது?" என்று கேட்பார், அதற்கும் மூச்சைச் செலவழிக்க வேண்டுமே என்று எரிச்சல் வந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியிலிருந்து ஒவ்வொரு மீனாகத் தூக்கிக் காட்டினார். பாரைக்குத் தலையாட்டினேன்.

"இனி அவதிப்பட்டு வராதேங்கோ அக்கா. நான் மணி அடிச்சிட்டு நிப்பன்," என்றார்.

அன்றிலிருந்து கொதிக்கிற வெயிலிலும் நிற்கிறார். ஆனால் எனக்குப் படலை வரவரத் தூரமாகிறது. மணிச்சத்தம் கேட்கும்போதெல்லாம் இப்போது ஒரே பயம்தான்: நான் எழும்பவே ஏலாத நாளிலும் அந்த மனுசன் அங்கே நின்றுகொண்டிருப்பாரே.